செலவழிக்க முடியாத காசு: ப்ரூஃப் நாணயத்தில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வி – 3 ஜூன் 2023

நானும் காசு சேர்க்கிறவன்தான். காந்தி நூற்றாண்டு 10 ரூபாய் வெள்ளிக் காசு என்னிடம் இருக்கிறது. அதே காசு ‘ப்ரூஃப்’ என்ற பெயரில் பல மடங்கு விலைக்குப் போகிறது. அதே எடை, அதே வெள்ளி, அதே காந்தி. பளபளப்புக்கா இவ்வளவு பணம்? பாலிஷ் போட்டால் எதுவும் பளபளக்கும். கையால் தொடக்கூடக் கூடாது என்கிறார்கள். தொட முடியாத காசை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன், காலை

பாலிஷ் போட்டால் எதுவும் பளபளக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் ப்ரூஃப் பார்த்தவன். ஈய எழுத்துக் காலத்தில் சேர்ந்தேன். கம்பாசிட்டர் ஒரு பக்கத்தைக் கோத்து முடித்ததும் மை தடவி, தாளை மேலே வைத்து, உருளையை ஒரு தடவை ஓட்டுவார். அதுதான் ப்ரூஃப். தமிழில் மெய்ப்பு என்போம். பிழை இருக்கிறதா என்று பார்க்க எடுக்கும் முதல் பதிவு. புது டைப் வந்த அன்றைக்கு அந்த முதல் பதிவைப் பார்க்க வேண்டும். ‘ழ’வின் கால் வளைவு, ‘ஞ’வின் சுழி எல்லாம் மயிரிழை பிசகாமல் தாளில் இருக்கும். ஆயிரம் பிரதி ஓடிய பிறகு அதே எழுத்து சற்றுத் தடித்து, சற்று மழுங்கி இருக்கும். படிக்கிறவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

நாணயத்திலும் கதை அதேதான். காசு அடிக்கிற எஃகு அச்சு சரியாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க எடுத்த முதல் பதிவுகள்தான் ஆரம்பத்தில் ப்ரூஃப். அப்புறம் அரசர்களுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் காட்ட அதையே நேர்த்தியாக அடித்தார்கள். அதற்கும் பிறகு சேகரிப்பவர்களுக்கு விற்க ஆரம்பித்தார்கள்.

செய்யும் முறை இது. இன்னும் அடிக்காத வெறும் உலோக வில்லையைச் சின்ன எஃகுக் குண்டுகளோடு சேர்த்து உருட்டி மெருகேற்றுவார்கள். அச்சின் சமதளத்தை வைரப் பொடிக் குழம்பால் கண்ணாடி போலத் தேய்ப்பார்கள். உருவமும் எழுத்தும் இருக்கிற பள்ளத்தை மட்டும் நுண்ணிய மணிகளை வீசிச் சொரசொரப்பாக்குவார்கள். இப்போது இதற்கு லேசரும் வந்துவிட்டது. பிறகு வில்லைகளை ஒவ்வொன்றாக வைத்து, மெதுவாக, கூடுதல் அழுத்தத்தில், இரண்டு தடவையோ அதற்கு மேலோ அடிப்பார்கள். சாதாரணக் காசு நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் விழுந்து, தொட்டியில் ஒன்றோடொன்று மோதித் தழும்பேறித்தான் நம்மிடம் வருகிறது. ப்ரூஃப் காசை ஒரு மனிதர் கையுறை போட்டுக்கொண்டு தனியாக எடுத்து வைக்கிறார்.

ஆக, பாலிஷ் விழுவது அச்சின் மேலும், அடிபடாத வில்லையின் மேலும். அடித்து முடித்த காசை யாரும் தேய்ப்பதில்லை. அச்சு வெட்டியவர் தன் மேஜையில் எதைப் பார்த்தாரோ அதை நீங்களும் பார்க்கிறீர்கள். அதற்குத்தான் நான் பணம் கொடுக்கிறேன்.

4 ஜூன், இரவு

வெள்ளிக் கணக்கைச் சொல்ல மறந்துவிட்டேன். 1969 காந்தி 10 ரூபாய் 15 கிராம், அதில் 80 சதவீதம் வெள்ளி. ஆக 12 கிராம். 1972-இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்த 10 ரூபாய் 22.5 கிராம், பாதி வெள்ளி. ஆக 11.25 கிராம். பார்க்கப் பெரிய காசில் வெள்ளி குறைவு. ப்ரூஃபானாலும் சாதாரணமானாலும் இந்தக் கணக்கு மாறாது. உருக்குகிறவருக்கு இரண்டும் ஒன்று. அதனால் வெள்ளியை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

7 ஜூன்

‘ப்ரூஃப் என்றால் உயர்ந்த தரம்’ என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. ப்ரூஃப் என்பது பிறப்பு, தரம் என்பது வளர்ப்பு. ப்ரூஃபாகப் பிறந்த காசு கீழே விழுந்து, கைபட்டு, கடைக்குப் போய்த் தேய்ந்து வந்தாலும் அது ப்ரூஃப்தான்; கெட்டுப்போன ப்ரூஃப். சாதாரணமாகப் பிறந்த காசை எவ்வளவு மெருகேற்றினாலும் அது ப்ரூஃப் ஆகாது.

ஆனால் ஆக்கி விற்கிறவர்கள் உண்டு. துணிச் சக்கரத்தில் கொடுத்துப் பளபளவென்று ஆக்கி, ‘பழைய ப்ரூஃப் சார்’ என்பார்கள். ஒரு சுலபமான சோதனை சொல்கிறேன். நகைக்கடை லென்ஸ், பத்து மடங்கு பெருக்குவது, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். காசில் 0, 8, 9 என்று சுழி உள்ள எண்ணைப் பிடியுங்கள். சுழிக்குள் பாருங்கள். சக்கரம் அந்தச் சின்னக் குழிக்குள் நுழையாது. வெளியே கண்ணாடியும் சுழிக்குள் மங்கலும் இருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிஜ ப்ரூஃபில் சுழிக்குள்ளும் அதே கண்ணாடி இருக்கும்.

எழுத்தின் விளிம்பையும் பாருங்கள். ப்ரூஃபில் எழுத்து தளத்திலிருந்து செங்குத்தாக எழும், சுவர் மாதிரி. தேய்த்த காசில் எழுத்து கரைந்து தளத்தோடு குழைந்திருக்கும்.

11 ஜூன்

என் முதல் ப்ரூஃப் காசைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்.

தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் 1000 ரூபாய் நாணயம் அறிவித்தார்கள். 35 கிராம். அதுவரை நான் கிழங்கட்டைக் காசுதான் சேர்த்தேன்: சோழர் செம்பு, நாயக்கர் காலத்துப் பொடிக்காசு, கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு. எல்லாம் தேய்ந்தவை. தேய்மானம்தான் அழகு என்று நினைத்த காலம். பெரிய கோயில் என்பதால் மட்டும் பணம் கட்டினேன். ரொம்ப நாள் காத்திருந்த பிறகு பெட்டி வந்தது.

ராத்திரி சாப்பிட்டு, கை கழுவித் துடைத்துவிட்டு, மேஜை விளக்கடியில் திறந்தேன். நேராகப் பிடித்தால் தளம் கறுப்பு, விமானம் வெள்ளை. கொஞ்சம் சாய்த்தால் தளம் வெளிச்சத்தை வாங்கி வெள்ளையாகிறது, விமானம் இருட்டுகிறது. திரும்பச் சாய்த்தால் மாறுகிறது. விடியற்காலையில் பெரிய கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெளிச்சம் ஏற ஏற விமானம் எப்படி நிறம் மாறும் என்று. என் உள்ளங்கையில் அது நடந்தது. எத்தனை நேரம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன் என்று தெரியாது.

மறுநாள் பேத்தி அதில் முகம் பார்த்துத் தலைவாரினாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. நல்லவேளை, பெட்டியின் கண்ணாடி மூடி இருந்தது. ‘தாத்தா, கோயில் பின்னாடி நான் தெரியறேன்’ என்றாள். ப்ரூஃப் காசைப் பற்றி நான் கேட்டதில் அதைவிடச் சரியான வார்த்தை இல்லை.

12 ஜூன்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் ‘எப்படித் துடைப்பது’ என்று கேட்கிறார். துடைக்காதீர்கள். பஞ்சாலும் வேண்டாம், மூக்குக் கண்ணாடித் துணியாலும் வேண்டாம். கண்ணாடித் தளத்தில் ஒரு தடவை இழுத்தால் மயிர்க்கோடு விழும், அது போகாது. விரல் ரேகை பட்டால் நாளாக ஆக உலோகத்தைத் தின்று அங்கேயே தங்கிவிடும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். காசுக்கு மேலே வாய் திறந்து பேசாதீர்கள், எச்சில் தெறித்த இடம் புள்ளியாகும். மெத்தென்ற பிவிசி உறையில் போடவே போடாதீர்கள், பச்சைப் பிசுக்கு வரும். அப்படி ஏற்கெனவே வந்திருந்தால் தூய அசிட்டோனில் முக்கி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது. நம் ஊர் ஈரத்துக்கு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

20 ஜூன்

‘அரிது’ என்ற சொல்லை எல்லோரும் ஒரே அர்த்தத்தில் போடுகிறோம். இரண்டாகப் பிரிக்க வேண்டும்: கொஞ்சம்தான் அடித்தார்கள் என்பது ஒன்று, நிறைய அடித்தார்கள், கொஞ்சம்தான் தப்பியது என்பது இன்னொன்று.

ப்ரூஃப் முதல் வகை. சாதாரணக் காசு கோடிக்கணக்கில் என்றால் ப்ரூஃப் ஆயிரக்கணக்கில்தான், பழையது என்றால் இன்னும் குறைவு. ஆனால் வாங்கியவர் பத்திரமாக வைத்ததால் பெரும்பாலும் தப்பிவிடும். ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய் இரண்டாம் வகை. அதில் பெரும்பகுதி உருக்கப்பட்டு, கொஞ்சம்தான் மிஞ்சியது. புதுக்கருக்கோடு ஒரு 1939 ரூபாய் கிடைப்பது எத்தனையோ ப்ரூஃப் கிடைப்பதைவிடக் கஷ்டம். அதனால் ‘ப்ரூஃப், ஆகவே அரிது, ஆகவே விலை’ என்று யாராவது சொன்னால் உடனே பர்ஸை எடுக்காதீர்கள்.

இரண்டும் சேருகிற இடமும் உண்டு. அமெரிக்காவில் மார்கன் டாலர் என்றொரு வரிசை. அதில் 1895 பிலடெல்பியா காசு ப்ரூஃபாக 880 அடித்தார்கள். சாதாரணப் புழக்கத்துக்கு 12,000 அடித்ததாகக் கணக்குப் புத்தகம் சொல்கிறது, ஆனால் அதில் ஒன்றுகூட யார் கையிலும் அகப்படவில்லை. எனவே அந்த வருஷத்தை நிரப்ப நினைப்பவர் அத்தனை பேரும் அந்த 880-க்குத்தான் போட்டி போட வேண்டும்.

நம் நாட்டில் என் மனம் போவது 1950 செட்டின் பக்கம். ராஜா தலை போய் அசோகச் சிங்கம் வந்த முதல் காசுகள். பைசாவில் குதிரை. அரையணாவிலும் ஓரணாவிலும் இரண்டணாவிலும் காளை. கால் ரூபாயிலிருந்து ஒரு ரூபாய் வரை இரண்டு கோதுமைக் கதிர். மொத்தம் ஏழு. சதுரமான அரையணாவையும் பூவிளிம்பு ஓரணாவையும் ப்ரூஃபாகப் பார்த்திருக்கிறீர்களா? சென்னையில் ஒரு கண்காட்சியில் கண்ணாடிப் பேழைக்குள் பார்த்தேன். ஓரணாவின் அந்தப் பன்னிரண்டு வளைவும் கத்தியால் சீவினது போல இருந்தது. என் அப்பா அந்த ஓரணாவை டீக்கடையில் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்; வழவழவென்று தேய்ந்தது. அதன் பிறந்த முகம் இதுதானா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விலை கேட்கவில்லை. கேட்டு என்ன செய்ய.

21 ஜூன்

எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்ட காசில் ஒரு சின்னக் குறி இருக்கும். வேறொரு இழையில் ‘மும்பை ப்ரூஃபில் எப்போதும் பி (B) எழுத்து இருக்கும்’ என்று முன்பு எழுதியிருந்தேன். அது பிழை, திருத்திக்கொள்கிறேன். 1950 செட்டில் பி கிடையாது. 1969 காந்தி செட்டில் பி உண்டு, அதற்குப் பிந்தைய செட்டுகளிலும் தொடர்ந்தது. 1996 முதல் அந்த இடத்தில் எம் வந்தது, ஊர்ப்பெயர் மாறியதால். மும்பையின் சாதாரணக் காசில் சின்ன வைர வடிவம். ஹைதராபாத் என்றால் நட்சத்திரம், நொய்டா என்றால் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவும் இல்லை. வருஷத்தை ஒட்டிப் பாருங்கள்.

இந்த பி விஷயத்தை நினைவில் வையுங்கள். இதில் ஒரு கதை பாக்கி இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

2 ஜூலை

நான் ஏமாந்ததை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

பெரிய கோயில் காசு வந்த ஜோரில் பழைய ப்ரூஃப் தேட ஆரம்பித்தேன். ஒரு கண்காட்சியில், ஊர் வேண்டாம், ஒருவர் ஏழாம் எட்வர்டு காலத்துக் கால் அணா ஒன்றைக் காட்டினார். செம்பு. புதுப் பித்தளைப் பாத்திரத்தில் முகம் தெரிகிற மாதிரி தளம். ‘அந்தக் காலத்து ப்ரூஃப், வைஸ்ராய்க்குக் கொடுக்க அடித்தது’ என்றார். 14,000 ரூபாய். அந்த வருஷத்து தீபாவளி போனஸும் கைச்சேமிப்பும் அதோடு போயின. வீட்டில் ஒரு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு மூத்த சேகரிப்பாளரிடம் காட்டினேன். லென்ஸை வைத்து அரை நிமிஷம் பார்த்தார். ‘ரீஸ்ட்ரைக்’ என்றார். எப்படி என்று கேட்டதற்கு லென்ஸை என்னிடம் கொடுத்து ராஜாவின் கழுத்துக்குப் பின்னால் இருந்த தளத்தைக் காட்டினார். ரவைபோல நுண்ணிய மேடுகள் ஏழெட்டு. ‘பள்ளமாக இருந்தால் காசுக்குப் பட்ட அடி. இது மேடு. மேடு என்றால் அச்சில் பள்ளம் இருந்திருக்கிறது. அச்சில் பள்ளம் வந்தது துருவால். துருப்பிடிக்கிற அளவுக்கு அந்த அச்சு சும்மா கிடந்திருக்கிறது’ என்றார்.

விஷயம் இதுதான். கொல்கத்தா, மும்பை நாணயச் சாலைகள் பழைய அச்சுகளைப் போட்டு வைத்திருந்தன. தொகுப்பில் ஒரு வருஷம் இல்லை என்று சேகரிப்பாளர் கேட்டால், பழைய அச்சை எடுத்துத் துடைத்து மெருகேற்றி மறுபடி அடித்துக் கொடுப்பார்கள். வெளிப்படையாகவே நடந்த வேலை. 1970-இல் இந்த வழக்கம் நின்றது. விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் காலத்து ப்ரூஃப் என்று சந்தைக்கு வருவதில் மிகப் பல இப்படி வந்தவை. போலி இல்லை. சாலை நிஜம், அச்சு நிஜம், உலோகம் நிஜம். காசில் இருக்கிற வருஷத்தில் மட்டும் அடிக்கவில்லை. அதை மறைத்து அசல் விலைக்கு விற்றதுதான் எனக்கு நடந்த அநியாயம்.

அந்தக் காசை மூன்று மாதம் பீரோவிலிருந்து வெளியே எடுக்கவில்லை.

3 ஜூலை

நேற்று எழுதிவிட்டுத் தூக்கம் வரவில்லை. ஒரு கேள்வி குடைகிறது.

முதல் குறிப்பில் என்ன சொன்னேன்? அச்சு வெட்டியவர் பார்த்ததை நான் பார்க்கிறேன், அதற்குத்தான் பணம் என்றேன். அப்படியானால் ரீஸ்ட்ரைக்கிலும் அதே அச்சுதானே? அதே சிற்பியின் கைதானே? பின் ஏன் என் மனம் உடைந்தது?

அச்சகத்து நினைவு வந்தது. சில புத்தகங்களின் பக்கங்களைக் கோத்தபடியே கயிற்றால் கட்டி அலமாரியில் வைத்திருப்போம், மறுபதிப்பு வரும் என்று. ஏழெட்டு வருஷம் கழித்து எடுத்து மை தடவினால் அதே பக்கம், அதே எழுத்து. ஆனால் ஒரு ‘ழ’வின் வால் உடைந்திருக்கும், ஓரத்து வரி கொஞ்சம் சாய்ந்திருக்கும். முதல் பதிப்பையும் மறுபதிப்பையும் கலந்து கொடுத்தாலும் நான் பிரித்துவிடுவேன். மறுபதிப்பை யாரும் பொய் என்று சொல்ல மாட்டோம். அதே சமயம், முதல் பதிப்பு என்று சொல்லி மறுபதிப்பைக் கொடுத்தால் சண்டைக்குப் போவோம்.

இங்கிலாந்திலும் இது நடந்திருக்கிறது. பர்மிங்காமில் மேத்யூ போல்டன் நிறுவிய சோஹோ நாணயச் சாலை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கலைக்கப்பட்டபோது, அதன் பழைய அச்சுகளை டபிள்யூ. ஜே. டெய்லர் என்ற லண்டன்காரர் வாங்கி, சேகரிப்பவர்களுக்காகப் புதிதாக அடித்து விற்றார். இன்றைக்கு அவற்றை டெய்லர் காசு என்றே பெயர் சொல்லித் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லி விற்றால் மனத்தாங்கல் இல்லை.

என் கால் அணாவை இன்று காலை வெளியே எடுத்தேன். துரு மேடுகளை மறுபடி பார்த்தேன். அந்த அச்சு எத்தனையோ மழைக்காலம் அலமாரியில் கிடந்ததன் அடையாளம் அது. காசு உறையில் ‘ரீஸ்ட்ரைக்’ என்று சிவப்பு மசியில் எழுதி வைத்துவிட்டேன். நான் போன பிறகு இதை விற்கிற என் பிள்ளைகள் யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது.

9 ஜூலை

சோஹோ என்று சொன்னதும் ‘கம்பெனிக் காசு அங்கேயா அடித்தார்கள்’ என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், சென்னை மாகாணத்துக்கானவையே அங்கே அடிக்கப்பட்டன. 1803-இல் 20 காசு, 10 காசு, 5 காசு, 1 காசு. நீராவி எந்திரத்தில் அடித்தவை. 1 காசில் கிரீடம் ஏந்திய சிங்கம், மற்றவற்றில் கம்பெனிச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து. ஆங்கிலத்தில் அவற்றின் பெயர் ‘கேஷ்’. அந்தச் சொல் நம் ‘காசு’தான், போர்ச்சுக்கீசியர் வாய்வழியாகப் போனது. ஆனால் காசில் தமிழ் இல்லை. அதே காலத்தில் சென்னையிலேயே அடித்த ‘பணம்’ என்ற நாணயங்களில் தமிழும் தெலுங்கும் உண்டு.

அந்த 1803 காசுக்கு சோஹோவில் ப்ரூஃபும் அடித்தார்கள், சிலவற்றுக்குத் தங்க முலாம் பூசி. முலாம் பூசிய ஒரு 20 காசை ஏலத்துக்கு முந்தைய பார்வை நாளில் பார்த்தேன். கம்பெனிச் சின்னத்தில் இருக்கிற சிங்கத்தின் பிடரி மயிரை எண்ணலாம். இப்போது எதிர்முனையைச் சொல்கிறேன். 1808-ஆம் வருஷத்து 10 காசும் 20 காசும் டன் கணக்கில் ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பலில் சென்னைக்குப் புறப்பட்டன. 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள்ளேயே, கெண்ட் கடலோரம் குட்வின் மணல்திட்டில் கப்பல் மூழ்கியது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அள்ளி எடுத்தார்கள். இன்று ஓரளவு மலிவாகவே கிடைக்கிறது. என்னிடம் ஒன்று இருக்கிறது. உப்பரித்த மேனி, கம்பெனிச் சின்னம் பாதி போய்விட்டது. பாரிமுனைக் கடையில் புழங்க வேண்டிய காசு, 170 வருஷத்துக்கு மேல் கடலடியில் கிடந்து, கடைசியில் கும்பகோணத்துக்கு வந்திருக்கிறது.

ஒரே சாலை, ஒரே மாகாணத்துக்கான காசு. ஒன்றை யாரும் தொடவில்லை, இன்னொன்றைத் தொட வேண்டியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால் இரண்டும் வேண்டும் என்பேன். ப்ரூஃப் இழையில் இதை எழுதியதற்குத் திட்டாதீர்கள், எழுதாமல் இருக்க முடியவில்லை.

15 ஜூலை

இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக.

நூறு வருஷம் தாண்டிய காசை மதிப்பீட்டுக்கு வெளிநாடு அனுப்பலாமா? கூடாது. 1972 தொல்பொருள் சட்டப்படி அது தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே அனுப்பத் தடை.

பிளாஸ்டிக் பேழையில் முத்திரையிட்டு 70-க்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது பிடிக்குமா? முன்பு பிடிக்காது. காசைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று கோபம் வரும். அந்தக் கால் அணாவுக்குப் பிறகு கோபம் குறைந்துவிட்டது. யாரோ விவரம் தெரிந்தவர் பார்த்து ‘ரீஸ்ட்ரைக்’ என்று எழுதி முத்திரை வைத்திருந்தால் என் 14,000 தப்பியிருக்கும். பேழைக்குள் இருந்தாலும் காசைச் சாய்த்துப் பார்க்க முடிகிறது. எனக்கு அது போதும்.

6 ஆகஸ்ட்

பாக்கி வைத்த கதை.

என் நண்பர் ஒருவர் வீட்டில் 1971 ப்ரூஃப் செட் ஒன்று இருக்கிறது. அவர் அப்பா டிடி எடுத்து அனுப்பி வாங்கியது. அதில் ஒரு குழி காலி. 20 பைசா, தாமரைக் காசு. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்: பித்தளை நிறம், ஒரு பக்கம் விரிந்த தாமரை, 1968 முதல் 1971 வரை வந்தது. தம்பிதான் எடுத்து மிட்டாய் வாங்கிவிட்டான் என்று வீட்டில் முடிவு கட்டி அவனுக்கு அடியும் விழுந்ததாம். தம்பிக்கு இப்போது 60 வயது. ‘நான் எடுக்கவே இல்லை’ என்று இன்றைக்கும் சொல்கிறார்.

அந்தக் குழியை நிரப்ப பி போட்ட ஒரு தாமரைக் காசு தேடி நானும் நண்பரும் பத்து வருஷமாக அலைகிறோம். பி இல்லாதது எங்கும் கிடைக்கிறது. தனி ப்ரூஃப் ஒன்று இரண்டு தடவை கண்ணில் பட்டது. ஒன்றில் பச்சைப் பிசுக்கு, இன்னொன்று துணிச் சக்கரம் பட்டது. சுழிக்குள் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

26 ஆகஸ்ட்

நேற்று வரலட்சுமி நோன்பு. நண்பர் வீட்டுக்கு சுண்டல் வாங்கப் போனேன். போன இடத்தில் நடந்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

நண்பரின் அம்மாவுக்கு 88 வயது. பூஜை முடிந்து, அர்ச்சனை செய்த காசுகளைத் தாம்பாளத்திலிருந்து துணிப்பைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 108 தாமரைக் காசு. நம் பக்கத்தில் லட்சுமி பூஜைக்கு இந்த 20 பைசாவைத்தான் வைத்துக்கொள்வார்கள், தாமரை இருப்பதால். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டுக்குப் போகிறேன், அந்தத் தாம்பாளத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் இது தோன்றவில்லை. நேற்று தோன்றியது. ‘அம்மா, கொஞ்சம் பார்க்கட்டுமா?’ என்றேன். பாயில் உட்கார்ந்து, லென்ஸை எடுத்து, ஒவ்வொன்றாக வருஷத்தைப் பார்த்தேன். நாற்பத்தி மூன்றாவதோ நான்காவதோ. 1971. ஒட்டினாற்போல ஒரு பி.

நண்பரைக் கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை.

அம்மாவிடம் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்தார். ‘நூத்தி ஏழுதாம்பா இருந்துது. அன்னிக்கு வெள்ளிக்கிழமை. உங்கப்பா பீரோல ஒரு டப்பாக்குள்ள ஒண்ணு தங்கமாட்டம் மின்னுச்சு. லட்சுமிக்குத்தானேன்னு எடுத்தேன். அப்புறம் மறந்தே போச்சு’ என்றார். பிறகு, ‘ஐயோ, சின்னவனை அடிச்சாரே’ என்று அழ ஆரம்பித்துவிட்டார். நண்பர் உடனே தம்பிக்கு போன் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். நான் திண்ணைக்கு வந்துவிட்டேன்.

காசு எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். ஐம்பது வருஷம் புளி போட்டுத் தேய்த்த காசு. தாமரை இதழ்கள் ஒன்றோடொன்று குழைந்துவிட்டன. கண்ணாடியும் இல்லை, ஒன்றும் இல்லை. மற்ற 107-உடன் கலந்தால் கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் 20-இல் அந்தப் பூஜ்யத்தின் சுழிக்குள் லென்ஸை வைத்துப் பார்த்தேன். அம்மாவின் கட்டைவிரல் அங்கே நுழையவில்லை. கடுகு அளவுகூட இருக்காது, மங்கலாக ஒரு மினுக்கம் மிச்சம் இருக்கிறது. அதில் விளக்கின் சுடர் தெரிந்தது.

27 ஆகஸ்ட்

‘எடுத்துச் செட்டில் வைத்துவிட்டீர்களா’ என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இல்லை. அம்மா கேட்ட முதல் கேள்வி, ‘எடுத்துக்கிட்டா நூத்தெட்டுக்கு ஒண்ணு குறையுமே?’ என்பதுதான். என்னிடம் சாதாரணத் தாமரைக் காசு ஏழெட்டு இருக்கிறது, ஒன்று கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம் என்றேன். நண்பர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் மாதம் இந்த இழையில் ‘கெட்டுப்போன ப்ரூஃப்’ என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறேன். இந்தக் காசுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு வார்த்தையும் கிடைக்கவில்லை.

2 செப்டம்பர்

நேற்று வெள்ளிக்கிழமை, மாற்றுக் காசோடு போனேன். தேவைப்படவில்லை. பூஜை நடந்துகொண்டிருந்தது, காசு தாம்பாளத்தில் இருந்தது. நண்பர் செட்டைத் திறந்து காட்டினார். காலிக் குழியில் வட்டமாக வெட்டிய ஒரு துண்டுத் தாள். ‘பூஜையில் இருக்கிறது’ என்று தம்பியின் கையெழுத்து. தாளில் அமிலம் இருந்தால் பக்கத்துக் காசுகளில் கறை ஏறும் என்றேன். அமிலம் இல்லாத தாள் அச்சகத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள்.